வெள்ளித்திரை நாடும் இளையோர்க்கு

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் பயின்றவர்க்கு ஓர் உண்மை புலப்படும். மாதவி மன்னன் முன் ஆடிப் பரிசு பெற்றது ஒரே நாளில் நிகழ்ந்த செயலன்று. ஐந்தாம் அகவையில் பயிலத் தொடங்கி, ஏழாண்டுகள் கற்று, பன்னிரண்டாம் அகவையிலேதான் அவள் அரங்கேறினாள். அவளுக்கு ஆடல் பயிற்றிய ஆசான் எத்தகையவர், இசை கற்பித்தவர் எத்தகையவர், பாட்டு இயற்றிய புலவர் எத்தகையவர், தண்ணுமையும் குழலும் யாழும் கொண்டு துணைநின்றோர் எத்தகையவர் என்று ஒவ்வொருவர் தகுதியையும் இளங்கோவடிகள் தனித்தனியே விரித்துரைக்கின்றார். அரங்கின் நீள அகலங்களையும் அவர் விட்டுவிடவில்லை. ஆடிய ஆட்டத்திற்கு நிகராக, ஆட்டத்திற்கு முன் நடந்த ஆயத்தத்திற்கும் அக்காதை இடம் தந்திருக்கின்றது.

இன்று அல்சூரிலும் சிவாஜிநகரிலும் ஸ்ரீராமபுரத்திலும் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில், ‘நடிக்கப் போகிறேன்’ என்று சொல்லும் பிள்ளைகள் பெருகி வருகின்றனர். வெள்ளித்திரையோடு சின்னத்திரை சேர்ந்தது. இப்போது கைப்பேசித் திரையும் சேர்ந்துவிட்டது. வாயில்கள் பெருகப் பெருக ஆசையும் பெருகுதல் இயல்பே. ‘எப்படி நுழைவது?’ என்று பிள்ளைகள் கேட்கின்றனர். ‘எப்படித் தடுப்பது?’ என்று பெற்றோர் கேட்கின்றனர். இவ்விரு கேள்விகளுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு. ‘எப்படி ஆயத்தம் செய்வது?’ என்பதே அது. அதைப் பற்றியே ஈண்டு எழுத முனைகின்றோம்.

நாம் திரைத்துறையைச் சார்ந்தவர் அல்லோம். மைய அரசு அலுவலகமொன்றில் கோப்புகளோடும் குறிப்பாணைகளோடும் இருபது ஆண்டுகளாகப் பழகிவரும் எழுத்தர். ‘இவருக்கும் சினிமாவுக்கும் என்ன தொடர்பு?’ என்று அன்பர்கள் வினவலாம். ஆனால் அலுவலக மேசைக்கும் நடிப்பரங்குக்கும் உள்ள தொலைவு நாம் எண்ணும் அளவுக்கு நெடியதன்று. இயக்குநர் கே. பாலசந்தர் 1950-இல் சென்னை அக்கவுண்டண்ட் ஜெனரல் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தவர். அலுவல் போக எஞ்சிய நேரத்தில் நாடகம் எழுதி மேடையேற்றினார். 1965-இல் ‘நீர்க்குமிழி’ வாயிலாகத் திரைப்பட இயக்குநரானார். அப்படத்தின் நாயகர் நாகேஷும் ரயில்வேயில் எழுத்தராக இருந்தவரே. நாடகமொன்றில் வயிற்றுவலிக்காரராகச் சிறு வேடம் ஏற்ற அவரை, விருந்தினராக வந்திருந்த எம்.ஜி.ஆர். மேடையிலேயே பாராட்டினார் என்பது பலரும் அறிந்த செய்தி.

தமிழகத்திற்கு வெளியே வாழும் நமக்கு இன்னும் நெருக்கமான சான்றுகள் இரண்டுண்டு. பூர்ணம் விசுவநாதன் தில்லியில் அகில இந்திய வானொலியில் தமிழ்ச் செய்தி வாசித்தவர். டெல்லி கணேஷ் 1964 முதல் 1974 வரை இந்திய விமானப்படையில் பணியாற்றியவர். தில்லித் தமிழரின் தட்சிண பாரத நாடக சபாவில் நடித்துப் பழகியவர். பாலசந்தரின் ‘பட்டினப் பிரவேசம்’ 1977-இல் அவரைத் திரைக்குக் கொணர்ந்தது. 2024 நவம்பரில் மறையும் வரை நானூறுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். ‘டெல்லி’ என்ற சொல் அவர் பெயரின் முன்னே இறுதிவரை நிலைத்தது. பிழைப்புக்காக வெளியூர் சென்ற தமிழர் தம் மொழிப்பசி தீர அமைத்துக்கொண்ட ஓர் எளிய மேடை, தமிழ்த்திரைக்கு ஒரு பெருநடிகரை அளித்தது என்பதை நம் சங்கத்தார் நெஞ்சில் இருத்துதல் வேண்டும்.

நம் ஊரின் கதையோ உலகறிந்தது. 1950 டிசம்பர் 12-இல் பெங்களூரில் மராத்தி பேசும் குடும்பத்தில் பிறந்த சிவாஜிராவ் கெய்க்வாட், பி.டி.எஸ். பேருந்தில் நடத்துநராக இருந்து ரஜினிகாந்த் ஆன கதை அது. அக்கதையைச் சொல்வோர் பெரும்பாலும் முதற்பக்கத்தையும் கடைசிப்பக்கத்தையும் மட்டுமே சொல்கின்றனர். நடத்துநர் ஒருவர் ரயிலேறினார், நட்சத்திரமானார் என்று முடித்துவிடுகின்றனர். இடையிலுள்ள பக்கங்களே நம் பிள்ளைகள் படிக்கவேண்டியவை. அவர் நடத்துநராக இருக்கும்போதே இவ்வூர்க் கன்னட மேடையில் புராண நாடகங்களில் வேடமேற்றவர். 1973-இல் சென்னைத் திரைப்படக் கழகத்தில் சேர்ந்து நடிப்பை முறையாகப் பயின்றவர். பயின்ற காலத்தில் அவருக்குப் பொருளுதவி செய்தவர், அதே பேருந்துப் பணியில் ஓட்டுநராக இருந்த நண்பர் ராஜ் பகதூர். ‘தமிழ் கற்றுக்கொள்’ என்று பாலசந்தர் சொன்னதும் தட்டாமல் கற்றார். 1975-இல் ‘அபூர்வ ராகங்கள்’ படத்தில் கிடைத்தது மிகச் சிறிய வேடம். பின்னர்ப் பெரும்பாலும் எதிர்மறை வேடங்கள். தனி நாயகராக ‘பைரவி’ வெளிவந்தது 1978-இல். 2021-இல் தாதாசாகேப் பால்கே விருதைப் பெற்றபோது, அதனைத் தம் ஆசான் பாலசந்தருக்கும் தமையனாருக்கும் அந்த ஓட்டுநர் நண்பருக்கும் அவர் காணிக்கையாக்கினார். ஆசான், குடும்பம், நண்பன் என்ற மூன்று தூண்கள் இன்றி அம்மாளிகை எழவில்லை என்பதை அவரே நன்றியோடு ஒப்புக்கொண்டார்.

திருக்குறளின் பொருட்பாலில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல், தெரிந்துதெளிதல் என ஐந்து அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. நாற்பத்தேழாம் அதிகாரம் முதல் ஐம்பத்தொன்றாம் அதிகாரம் வரை உள்ள அவை அரசனுக்குச் சொன்னவை. எனினும் வெள்ளித்திரை நாடும் ஓர் இளைஞனுக்கோ இளம்பெண்ணுக்கோ இவற்றினும் நல்ல வரிசைமுறையை நாம் கண்டிலோம். அவ்வரிசையிலேயே நம் கருத்துகளைக் கூறுவோம்.

தெரிந்துசெயல்வகை

முதலில் கணக்கு. நடிப்பு என்பது மாதச் சம்பளம் இல்லாத தொழில். ஒரு மாதம் பத்து நாள் வேலை இருக்கும். அடுத்த மூன்று மாதம் ஒரு நாளும் இராது. பணம் பேசியபடி வரும் என்பதற்கும் உறுதியில்லை. ஆகவே சென்னைக்குப் பெட்டி கட்டுமுன் ஒரு தாளில் எழுதுக: அறை வாடகை, உணவு, பேருந்து மெட்ரோக் கட்டணம், கைப்பேசி, துணிமணி, மருந்து. இவற்றைக் கூட்டிப் பதினெட்டால் பெருக்குக. பதினெட்டு மாதச் செலவு சேமிப்பாகவோ, பகுதிநேர வேலையின் வருவாயாகவோ, மனமுவந்து உதவுவோர் வாயிலாகவோ கையில் இருந்தாலன்றிப் புறப்படலாகாது. பசித்த வயிறு நடிகனை வேடத்தைத் தேர்ந்தெடுக்க விடாது. கண்டவர் காலில் விழச் செய்யும். ரஜினிகாந்த் வேலையை விட்டவர்தாமே என்று வாதிடும் பிள்ளைகள், அவருக்குப் பின்னால் ஒரு நண்பரின் சம்பளம் நின்றது என்பதை மறத்தலாகாது.

கையில் ஒரு பட்டமோ தொழிற்கல்வியோ இருத்தல் இதற்குப் பெருந்துணை. நடிகர் விஜய் சேதுபதி வணிகவியல் பயின்றவர், கணக்கர் வேலை பார்த்தவர், துபாயிலும் பணிசெய்தவர். நாடு திரும்பியபின் சென்னையில் கூத்துப்பட்டறையில் கணக்கராகச் சேர்ந்து, நடிகர் பயில்வதை அருகிருந்து கண்டவர். ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய நாடகக்குழு அது. படங்களில் சிறுசிறு வேடங்களும் குறும்படங்களும் கடந்து, 2010-இல் ‘தென்மேற்குப் பருவக்காற்று’ படத்தில் நாயகரானார். கணக்குப் படிப்பு அவர் கலைக்குத் தடையாகவில்லை; கலை கைகூடும் வரை சோறிட்டது.

அரசு ஊழியராக உள்ள இளைஞர்க்கு நம் துறை சார்ந்த ஒரு குறிப்பு. 1964-ஆம் ஆண்டின் மையக் குடிமைப் பணி நடத்தை விதிகளின்படி, எப்போதேனும் செய்யும் இலக்கிய, கலை, அறிவியல் பணிக்கு முன் அனுமதி வேண்டியதில்லை. அலுவலகப் பணிக்கு ஊறு நேராதிருத்தல் வேண்டும். அதற்குக் கட்டணம் பெறுவதாயின் உரிய அலுவலரின் அனுமதி இன்றியமையாதது. சங்க நாடகத்தில் நடிப்பது வேறு. பணம் வாங்கித் தொடரில் நடிப்பது வேறு. எழுத்தில் கேட்டு எழுத்தில் பெற்ற அனுமதியே பின்னாளில் காக்கும்.

வலியறிதல்

தன் வலிமையை அறிவதெப்படி? கண்ணாடி சொல்லாது, தாய் சொல்லமாட்டாள், நண்பர்கள் சொல்லும் புகழ்மொழியும் அளவுகோல் ஆகாது. மேடையே சொல்லும். இருநூறு பேர் அமர்ந்த கூடத்தில் கடைசி வரிசையில் இருப்பவர் இருமத் தொடங்கினால், நம் குரல் அவரைத் தொடவில்லை என்பது அந்நொடியே விளங்கிவிடும். மூச்சு, குரல், நினைவாற்றல், உடன் நடிப்பவரின் சொல்லைச் செவிமடுத்தல் ஆகிய நான்கையும் மேடையைப்போல் விரைந்து கற்பிக்கும் ஆசான் வேறில்லை.

ஆயினும் மேடைவேறு, திரைவேறு. மேடையில் கை உயர்த்திச் சொல்வதைத் திரையில் கண்ணிமை உயர்த்திச் சொன்னால் போதும். அண்மைக் காட்சியில் முகம் அரங்கின் சுவரளவு பெருகித் தோன்றும். அங்கே மிகையான அசைவு நகைப்பையே வருவிக்கும். மேடை நாடகம் தொடக்கம் முதல் இறுதி வரை ஒழுங்காக ஓடும். படப்பிடிப்போ இடத்தின் வசதிப்படி நடக்கும். இறுதிக் காட்சியின் அழுகையை முதல் நாளிலும், முதற்காட்சியின் சிரிப்பைக் கடைசி நாளிலும் எடுப்பர். ஒரே காட்சியைப் பல கோணங்களில் பலமுறை எடுக்கும்போது, முதன்முறை இடக்கையில் ஏந்திய காபிக் குவளையைப் பத்தாம் முறையும் இடக்கையிலேயே ஏந்தவேண்டும். தரையில் இட்ட குறியில் வந்து நிற்கவேண்டும். ஆனால் அக்குறியைப் பார்க்கலாகாது. வீட்டிலேயே கைப்பேசியை ஒரு நிலைப்பாட்டில் வைத்து, அரைப்பக்க வசனத்தை நாள்தோறும் பேசிப் பதிவுசெய்து, மறுநாள் பார்த்துப் பிழைகளைக் குறித்துவருவது செலவில்லாத பயிற்சி. முதல் மாதம் பார்க்கச் சகிக்காது. சகித்துக்கொண்டு பார்ப்பவரே தேறுவர்.

மொழி வலிமையைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். அது நம் குடும்பங்களின் சொந்தக் குறை, சொந்த நிறையும் ஆகும். நம் பிள்ளைகளுள் பலர் தமிழ் பேசுவர். எழுத்துக்கூட்டிப் படிக்க இயலாது. வசனத்தாள் தமிழில் வரும். அதனை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் படிப்பவர்க்கு ‘பல்லி’, ‘பள்ளி’ இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ழகரமும் றகரமும் நாவில் நில்லா. டப்பிங் கூடத்தில், திரையில் ஓடும் தம் வாயசைவுக்கு இசையப் பேசவேண்டிய வேளையில், தாளைப் படிக்கத் தடுமாறுபவர் குரலை நீக்கிப் பிறர் குரலைச் சேர்த்துவிடுவர். அந்த நடிகரின் பாதி உயிர் அங்கேயே போய்விடுகின்றது. ஆகவே நடிக்க விரும்பும் பிள்ளை முதலில் சங்கத்தின் தமிழ் வகுப்பில் அமரட்டும். நாள்தோறும் ஒரு பக்கம் செய்தித்தாளை உரக்கப் படிக்கட்டும்.

நிறை யாதெனின், இந்நகரில் வளரும் குழந்தை தெருவில் கன்னடமும், வீட்டில் தமிழும், கடையில் தெலுங்கும் உருதும், பள்ளியில் ஆங்கிலமும் கேட்டே வளர்கின்றது. பெங்களூரில் பிறந்த பி. சரோஜாதேவி 1955-இல் ‘மகாகவி காளிதாசா’ என்னும் கன்னடப் படத்தில் தொடங்கி, 1958-இன் ‘நாடோடி மன்னன்’ வழியே தமிழ்நாட்டார் நெஞ்சில் இடம்பெற்றார். அவர் தமிழில் கலந்திருந்த கன்னடத்தின் கொஞ்சலையும் மக்கள் விரும்பினர். 2025 ஜூலையில் அவர் மறைந்தபோது இரு மாநிலத்தாரும் தம் வீட்டுத் துயராகவே கருதினர். இவ்வூரார் அங்கே சென்று தமிழ் கற்று உயர்ந்தனர். இங்கே வாழும் நம் பிள்ளைகள் கன்னடத்தைச் செம்மையாகக் கற்றால், காந்திநகரின் வாயிலும் அவர்க்குத் திறந்ததே. உண்ணும் சோற்றுக்கு நன்றியாகவும் அது அமையும்.

காலமறிதல்

எம்.ஜி.ஆரின் முதற்படம் ‘சதி லீலாவதி’ 1936-இல் வந்தது. அவர் நாயகராக நடித்த ‘ராஜகுமாரி’ வந்தது 1947-இல். இடையே பதினோராண்டுகள். சிறுவயதிலேயே நாடகக்குழுவில் சேர்ந்த சிவாஜி கணேசனுக்கு ‘பராசக்தி’ வாய்த்தது 1952-இல், அவர் இருபதுகளின் நடுவில் இருந்தபோது. ஆண்டுகளைக் கண்டு அஞ்சுபவர் இத்துறையை நாடாதிருத்தல் நன்று. ஆண்டுகளை எல்லையின்றி வாரியிறைப்பதும் தகாது. இத்தனை ஆண்டு முயல்வேன், அதற்குள் இன்ன படியை எட்டாவிடில் வேறு வழி நோக்குவேன் என்று தொடங்கும்போதே வரையறுத்துக்கொள்ள வேண்டும்.

இது நம் இல்லத்திலும் எழுந்த கேள்வி. இளநிலை வணிகவியல் இரண்டாமாண்டு பயின்றுகொண்டிருந்த நம் மகள், பொங்கல் விழா நாடகத்தில் கிழவி வேடமேற்று நடித்தாள். மறுவாரம் ஓர் இரவு உணவுக்குப் பின், “அப்பா, நடிப்புத்தான் என் தொழில்” என்றாள். அவள் தாய் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பாட்டி, “பெண்பிள்ளை பேசும் பேச்சா இது?” என்றார். நாம் மூன்று நாள் மறுமொழி கூறவில்லை. நான்காம் நாள் அவளே வந்து, “உங்கள் வேலைக்கான தேர்வை எத்தனை முறை எழுதினீர்கள் அப்பா?” என்று கேட்டாள். மூன்று முறை எழுதினோம். அம்மூன்றாண்டும் நம் தந்தையார், ஆலைத் தொழிலாளியாக இருந்து, ஒரு சொல்லும் கடிந்து கூறாமல் சோறிட்டார். அதை அவள் பாட்டி சொல்லக் கேட்டிருக்கின்றாள் போலும்.

அன்றிரவு நாம் ஒரு தாளில் நான்கு வரிகள் எழுதிக்கொடுத்தோம். ஒன்று, பட்டப்படிப்பை முடித்தல். இரண்டு, வார இறுதியில் முறையான நாடகக்குழு ஒன்றில் பயிலுதல்; கட்டணம் நம்முடையது. மூன்று, நடிகர் தேர்வுக்குத் தனியே செல்லாமை. நான்கு, பட்டம் பெற்றபின் மூன்றாண்டு முயற்சி. அம்மூன்றாண்டும் வீட்டில் எவரும் குறை கூறாமை. நான்காவது வரியை அவள் இருமுறை படித்தாள். பின் கையெழுத்திட்டாள், நாமும் இட்டோம், சிறிது நேரம் கழித்து அவள் தாயும் வந்து இட்டாள். இதுவரை இரண்டு தேர்வுகளுக்குச் சென்றிருக்கின்றாள், இரண்டிலும் தேர்வாகவில்லை. இறுதியாண்டுத் தேர்வு வரும் ஏப்ரலில். அவள் என்னவாவாள் என்பதை நாம் அறியோம். ஆனால் வீட்டில் மறைவாக எதுவும் நடக்கவில்லை என்பதே இப்போதைக்கு நமக்குப் போதிய நிறைவாக இருக்கின்றது.

குழந்தைகளை நடிக்கவைக்க விழையும் பெற்றோர்க்கும் காலம் பற்றிய சட்டம் உண்டு. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016-ஆம் ஆண்டுத் திருத்தமும் 2017-ஆம் ஆண்டு விதிகளும், பதினான்கு வயது நிறையாத குழந்தை கலைஞராகப் பணியாற்ற இடமளிக்கின்றன; கட்டுப்பாடுகளும் விதிக்கின்றன. ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேற்படலாகாது. ஓய்வின்றித் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேற்படலாகாது. மாவட்ட ஆட்சியரின் அனுமதியைத் தயாரிப்பாளர் பெறவேண்டும். ஈட்டும் தொகையில் குறைந்தது இருபது விழுக்காடு, குழந்தையின் பெயரில் நாட்டுடைமை வங்கியில் நிலைவைப்பாகச் சேரவேண்டும். படிப்புக்கு ஊறு நேரலாகாது. இவற்றைக் கேட்டால் வாய்ப்புப் போய்விடுமோ என்று அஞ்சற்க. கேட்டதனால் போகும் வாய்ப்பு போகத்தக்கதே.

இடனறிதல்

எங்கே தொடங்குவது? இருக்குமிடத்திலேயே. பிரகாஷ் ராஜ் இவ்வூரில் பிறந்தவர். இவ்வூர் நாடக மேடையிலும் தெரு நாடகத்திலும் உருவானவர். கன்னடத் தொடர்களிலும் படங்களிலும் நடித்தபின், நடிகை கீதாவின் அறிமுகத்தால் பாலசந்தரிடம் சென்றவர். 1994-இல் ‘டூயட்’ படத்தில் தமிழ்த்திரைக்கு வந்தார். பின்னர்க் ‘காஞ்சிவரம்’ படத்துக்காகச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது பெற்றார். கோடம்பாக்கத்தின் வாயிலில் நின்று அவர் காலத்தைக் கழிக்கவில்லை. பயின்று முடித்துக் கையில் தொழிலோடு சென்றார்.

நமக்கு வாய்த்த நகரம் நாடகத்திற்கு வறுமையில்லாத நகரம். 1963 முதல் ரவீந்திர கலாக்ஷேத்ரா இருக்கின்றது. 2004 முதல் ஜெ.பி. நகரில் ரங்கசங்கரா நாடகத்திற்கென்றே இயங்குகின்றது. சிவமொக்கா மாவட்டத்து ஹெக்கோடு என்னும் சிற்றூரில், கே.வி. சுப்பண்ணா நிறுவிய நீநாசம் நடிப்பைப் பாடமாகவே கற்பிக்கின்றது. மாதம் ஒரு நாடகமேனும் சென்று காண்க. மேடைக்குப் பின்னால் ஆள் தேவைப்படும் குழுக்கள் எப்போதும் உண்டு. திரைச்சீலை இழுக்கவும் விளக்குத் தூக்கவும் முன்வருபவர்க்கு ஒரு நாள் வேடமும் கிட்டும். விளம்பரப் படங்களும் குறும்படங்களும் இந்நகரில் மிகுதியாக எடுக்கப்படுகின்றன. அவற்றில் ஒரு நாள் நிற்பதும் பயிற்சியே. சென்னை ஏறத்தாழ 360 கிலோமீட்டர் தொலைவுதான்; காலையில் ரயிலேறித் தேர்வை முடித்து மறுநாள் வீடு திரும்பிவிடலாம். அழைப்பு வந்தபின் செல்க. அழைப்பைத் தேடி அங்கே குடியேறுதல் பிந்திய படி.

அழைப்புக்குரிய ஆவணங்கள் எளியவை. மிகையான ஒப்பனையின்றி முகம் நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முழு உருவம் ஒன்று என மூன்று புகைப்படங்கள். பெயர், வயது, உயரம், அறிந்த மொழிகள், நடித்த நாடகங்கள், நீச்சல், சிலம்பம், வாகனமோட்டல் முதலிய திறன்கள் அடங்கிய ஒரு பக்க விவரக்குறிப்பு. ஒரு நிமிட அறிமுகப் பதிவு, இரண்டு நிமிட நடிப்புப் பதிவு. இல்லாத திறனை இருப்பதாக எழுதலாகாது. ‘குதிரையேற்றம் தெரியும்’ என்று எழுதியவரைக் குதிரைமீது ஏற்றித்தான் பார்ப்பர்.

தெரிந்துதெளிதல்

இறுதியாக, யாரை நம்புவது? நம் தெருவில் ஓர் இளைஞர் இருக்கின்றார். ‘புதிய படத்துக்குப் புதுமுகங்கள் தேவை’ என்ற விளம்பரத்தைக் கண்டு ஒரு நிறுவனத்தை அணுகினார். பதிவுக் கட்டணம் என்றனர், கொடுத்தார். புகைப்படத் தொகுப்பு என்றனர், கொடுத்தார். உறுப்பினர் அட்டை என்றனர். தாயின் வளையல் இரண்டும் அடகுக்குச் சென்றன. படப்பிடிப்புக்கென்று குறித்த நாளில் அவர் சென்னை சென்றபோது அந்த முகவரியில் பூட்டுத் தொங்கியது. பணத்தைவிட, ‘இனி யாரையும் நம்பேன்’ என்ற கசப்பே அவருக்குப் பேரிழப்பாயிற்று. இப்போது ஒரு கிடங்கில் மேற்பார்வையாளராக இருக்கின்றார். நாடகமென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றார்.

இதிலிருந்து பெறும் விதி ஒன்றே: நடிகனுக்குப் பணம் கொடுப்பவரே தயாரிப்பாளர், நடிகனிடம் பணம் வாங்குபவர் தயாரிப்பாளர் அல்லர். பயிற்சிக்குக் கட்டணம் கொடுக்கலாம்; வேடத்துக்குக் கொடுக்கலாகாது. தேர்வு நடக்கும் இடம் அலுவலகமாகவோ பயிற்சிக்கூடமாகவோ பகலில் இருத்தல் வேண்டும். விடுதி அறையாயின் செல்லற்க. பெற்றோரோ உடன்பிறந்தோரோ துணைசெல்லுதல் இழிவன்று. வெற்றுத்தாளில் கையெழுத்திடலாகாது. எத்தனை நாள் வேலை, எவ்வளவு ஊதியம், எப்போது தருவர், பயணமும் தங்கலும் யார் பொறுப்பு என்பன எழுத்தில் இருக்கட்டும். ஊதியத்தை வங்கி வழியே பெறுக. ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் ஒரு படி எடுத்துக் கோப்பில் வைக்க. இவ்வளவும் எழுத்தரின் புத்தி என்று நகைப்போர் நகைக்கட்டும். வழக்கு வந்தால் பேசுவது அந்தக் கோப்புத்தான்.

பெண்பிள்ளைகளைப் பெற்றோரின் அச்சம் வெறும் கற்பனையன்று. மலையாளத் திரையுலகப் பெண்களின் நிலையை ஆராய்ந்த நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளிவந்தபோது, மறைவாகப் பேசப்பட்டவை ஊரறிய வந்தன. அதனால் பெண்ணைக் கலையிலிருந்து விலக்குதல் தீர்வாகாது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப்பேருக்குக் குறையாமல் பணிசெய்யும் இடத்தில் உள்ளகக் குழு அமைதல் வேண்டும். அச்சட்டம் நம் அலுவலகத்துக்குப் பொருந்துவதுபோலவே படப்பிடிப்புத் தளத்துக்கும் பொருந்தும். ‘உங்கள் படத்தில் அக்குழு உள்ளதா?’ என்று கேட்கும் துணிவை மகளுக்குக் கொடுப்போம். ‘வேண்டாம் என்று எழுந்து வந்தால் வீட்டில் ஏசமாட்டார்கள்’ என்ற உறுதியையும் கொடுப்போம். அந்த உறுதி இல்லாத பெண்ணே அஞ்சி அமர்ந்துவிடுகின்றாள்.

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுவிழாவில் திரைப்பாடலுக்கு ஆடும் நிகழ்ச்சிகளோடு, ஒரு மணி நேர முழு நாடகம் ஒன்றையும் ஆண்டுதோறும் மேடையேற்றுக. நம் பிள்ளைகளே எழுதட்டும், நடிக்கட்டும். ஒத்திகைக்கு ஞாயிறுதோறும் ஒரு கூடம் கிடைத்தால் போதும். தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளை வசனத்துக்காகவே எழுத்துக் கற்கும். இதை நாம் கண்ணாரக் கண்டிருக்கின்றோம். அவர்களுள் நூற்றுக்கு ஒருவர் திரைக்குச் செல்லலாம். ஒருவரும் செல்லாமலும் போகலாம். செல்லாதோரும் கூட்டத்தில் அஞ்சாமல் நின்று, தெளிந்த தமிழில், பிறர் நிலையில் தம்மை வைத்துப் பேசக் கற்றிருப்பர். அலுவலகத்திலும் குடும்பத்திலும் அது வீண்போகாது.

திரையை நாடும் இளையோரே, ஒரு காலை உறுதியாக ஊன்றிக்கொண்டு மறுகாலை எடுத்து வையுங்கள். பெற்றோர்களே, ஊன்றிய காலின் கீழுள்ள மண்ணாக நீங்கள் இருங்கள். வாய்ப்பு வரும் நாளை எவரும் அறியார். வரும்போது ஆயத்தமாக இருத்தல் மட்டுமே நம் கையில் உள்ளது.